மத்தியானத்தைச் சொன்ன குற்றம்

விசாரணை அன்று அறையில் இருந்தவர்கள்:

மீத்திறன் மாணவர் வரலாற்றுப் பிரிவின் இயக்குநர் அம்மா. தலைமை.

ஆழ ஆலோசகர். பாடம் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்று பார்ப்பது இவர் வேலை. எங்கே போகிறது என்று பார்ப்பது இவர் வேலையல்ல.

பெற்றோர் சார்பில் ஒரு தகப்பனார். மகன் அதிபுத்திசாலி என்று மீத்திறன் சான்றிதழ் வந்த நாளிலிருந்து வீட்டில் அவனை ‘நீங்க, வாங்க’ என்று பேசுபவர்.

புவியியல் துறையிலிருந்து ஒருவர். விவகாரத்தில் மழை சம்பந்தப்பட்டிருந்ததால் அழைக்கப்பட்டவர்.

பியூன், சாவிக்கொத்துடன்.

பாடத்தில் வரும் அரசர் போட்டிருந்ததைப் போலவே செய்த இடது கால் பூட்ஸ் ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள்.

சாட்சிப் பொருளாக, மூலையில் ஒரு குவியல் குடை.

குற்றம் சாட்டப்பட்ட தேதி சார். உட்காரச் சொன்னால் அது அவருக்குத் தகவல் கொடுத்ததாகுமா என்பது முடிவாகாததால் நின்றுகொண்டிருந்தார்.

தேதி சார் என்பது பழைய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வைத்த பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தப் போர் எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். அந்த வருஷம் யார் யாரை அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார். போன இடமெல்லாம் தற்காலிக ஆசிரியர்தான். விடுப்பில் போனவர் திரும்பி வந்ததும் இவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பிரசவத்துக்குப் போன ஆசிரியைகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் குறித்த நாளில் திரும்பி வந்தார்கள்.

மனைவியுடன் அவர் குடியிருந்தது மனைவியின் அண்ணன் வைத்திருந்த டயர் கடையின் மாடி அறையில். கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடினால் மேலே தம்ளர் நகரும். மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “மாடியில நம்ம மாப்ள. ஸ்டெப்னி மாதிரி. எந்த வண்டி பஞ்சரானாலும் போய் மாட்டிக்குவாரு” என்று அறிமுகம் செய்துவைப்பார். நிரந்தர வேலை கிடைத்தால்தான் தனி வீடு, தனி வீட்டுக்குப் போனால்தான் மரியாதை என்று மனைவி முடிவாகச் சொல்லியிருந்தாள்.

அப்படித்தான் அவர் மீத்திறன் பிரிவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். அவருக்கு முன்னால் உள்ளே போனவர்கள் பட்டங்களையும் ஆராய்ச்சிகளையும் அடுக்கிவிட்டு, முகம் தொங்கிப்போய் வெளியே வந்தார்கள். தேதி சாரிடம் இயக்குநர் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “உங்களுக்கு வரலாறு எவ்வளவு தெரியும்?” பயத்தில், “ஒண்ணும் தெரியல மேடம்” என்றார். ஆழ ஆலோசகர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

வேலை கிடைத்தது. ஓராண்டு தகுதிகாண் பருவம். அது கழிந்து இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். மச்சான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு நாற்காலி போட்டார். “பர்மனென்ட் ஆகுற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு மாப்ள. ஆயிட்டா அப்புறம் நீ கட்டடத்துக்கே தீ வச்சாலும் மெமோதான் வரும். ஆள அசைக்க முடியாது” என்று உலக நடப்பை விளக்கினார்.

முதல் நாள் இயக்குநர் அம்மா பிரிவின் கொள்கையைச் சொன்னார்.

“சாதாரணப் பிள்ளைக்குத் தகவல் கொடுக்கலாம் சார். மீத்திறன் பிள்ளைக்குத் தகவல் கொடுக்கிறது அவமானம். நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நாமளே முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி. இந்தப் பிரிவு தொடங்கின நாள்லேருந்து ஒரு மாணவர்கூட எதையும் கத்துக்கிட்டதில்ல. அந்தப் பேரக் காப்பாத்தணும்.”

பிள்ளைகள் என்ன கேட்டாலும் ஆசிரியர் சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: “நீ என்ன நினைக்கிற?” கழிவறைக்குப் போகலாமா என்று கேட்டாலும் அதே பதில்தான். பாடம் தொடங்கியதும் பியூன் வகுப்புக் கதவை வெளியே பூட்டிவிடுவார். பக்கத்திலிருந்த சாதாரணப் பிரிவில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும் கெட்ட வழக்கம் இருந்தது. நடைபாதை வழியாக ஏதாவது தகவல் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் பூட்டு.

பாடத்திட்டமோ ஒரே ஒரு நாள். ஓர் அரசர் பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்துக் கிளம்பிய நாள். அந்த நாளிலும் காலைப் பொழுது மட்டும். எட்டாம் வகுப்பில் அரசர் கண் விழிப்பார். ஒன்பதில் முகம் கழுவுவார். தேதி சாருக்குக் கிடைத்த பத்தாம் வகுப்பில் இடது கால் பூட்ஸைப் போடுவார். வலது கால் கல்லூரிக்கு. போர்க்களம் எந்த வகுப்பிலும் கிடையாது. அகலம் வேண்டாம், ஆழம் போதும் என்பது பிரிவின் வாசகம். சுவரில் பெரிதாக எழுதி, ஆழத்தைக் காட்ட எழுத்துகளுக்கு நிழல் போட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் பூட்ஸைத் தூக்கி எடை பார்த்தார்கள். முகர்ந்தார்கள். வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டார்கள். பூட்ஸின் கோணத்திலிருந்து காலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஒருவன் குதிரையின் கோணத்திலிருந்து எழுதிவிட்டான். குதிரை இன்னும் பாடத்துக்கு வரவில்லை, அவசரப்பட்டு நிகழ்ச்சியை முன்னால் ஓட்டுகிறான் என்று அவனை மனநல ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்து, வெற்றுத் தாளையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாணவன் தாளை வாங்கவே மறுத்துவிட்டான். பள்ளி முதல் மதிப்பெண் அவனுக்குத்தான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரே ஆசை, சாதாரணப் பிரிவுக்கு மாற வேண்டும். அங்கே அரசர்கள் வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள், அடுத்த பாடம் வருகிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மீத்திறன் பிரிவிலிருந்து வெளியேற மீத்திறன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தாள். மரபை உடைக்கிறாள் என்றார்கள். பேசாமல் இருந்தாள். மௌனத்தின் ஆழம் என்றார்கள். கடைசியில் பொறுமை போய், தாளில் “எனக்கு ஒன்றும் தெரியாது. என்னை வெளியே விடுங்கள்” என்று எழுதிக் கொடுத்தாள். ஆழ ஆலோசகர் அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, “அறியாமையோட எல்லையில நின்னு கதவத் தட்டுறா” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்குப் பதக்கம் கிடைத்தது.

ஒரு நாள் தேதி சார் தயங்கித் தயங்கி இயக்குநர் அம்மாவிடம் கேட்டார். பிள்ளைகள் கையில் போன் இருக்கிறதே, அன்றைக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்துவிட மாட்டார்களா? இயக்குநர் அம்மா பதற்றப்படவில்லை. “தாராளமா தேடலாம். யாரும் தடுக்கல. ஆனா தேடிப் பார்க்கிறது சராசரி ஆளுங்க செய்ற காரியம்” என்றார். அந்த ஒரு வார்த்தை பத்துப் பூட்டுக்குச் சமம். சராசரி என்று பெயர் வாங்குவதைவிடத் தெரியாமலே செத்துப்போகலாம் என்று பிள்ளைகளும் இருந்தார்கள், பெற்றவர்களும் இருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண்ணின் போனை அவள் அம்மா கைப்பையில் பூட்டி வைத்திருந்தாள்.

இப்படியே ஓராண்டு முடியப்போகும் நாளில், மச்சான் வீட்டு மேசையில் மச்சான் மகளின் பாடப்புத்தகம் கிடந்தது. சாதாரணப் பிரிவுப் புத்தகம். பொழுது போகாமல் புரட்டிய தேதி சார் கண்ணில் அந்த அரசர் பட்டார். பக்கத்தின் அடியில், ஒரு யானைப் படத்துக்குக் கீழே, சின்னப் பத்தி. அரசர் படையுடன் கிளம்பினார். அன்று மத்தியானம் பலத்த மழை பெய்தது. இரு படைகளும் வீடு திரும்பின. போர் நடக்கவில்லை. அவ்வளவுதான். கீழே கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். மச்சான் மகள் பென்சிலால் சரியாக நிரப்பியிருந்தாள்.

தேதி சார் புத்தகத்தை மூடி வைத்தார். மறுபடி திறந்து பார்த்தார். அதேதான் இருந்தது. அன்று அவருக்கு வருஷம்கூட நினைவில் நிற்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொன்னார். “அதுக்கு என்ன இப்ப? கையெழுத்து எப்ப போடுவாங்களாம்?” என்றாள் அவள்.

மறுநாள் கம்ப்ரஸர் புண்ணியத்தில் தூக்கம் கெட்டு, கண் எரிச்சலோடு வகுப்புக்குப் போனார். அன்று பாடம் பூட்ஸின் பாலிஷ். அரசர் பளபளப்பை விரும்பினாரா, பளபளப்பு அரசரை விரும்பியதா என்று இரண்டு அணியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. அரைத் தூக்கத்தில் இருந்த தேதி சாரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

“என்னத்த பாலிஷ் போட்டு என்ன, அதான் மத்தியானம் மழை பேஞ்சிருச்சே.”

இரண்டு அணியும் அவர் பக்கம் திரும்பின. முன் வரிசையில் இருந்த ஒருவன் மெதுவாக எழுந்தான். தகப்பனாரிடம் ‘நீங்க’ வாங்குபவன் இவன்தான்.

“சார், அன்னிக்கு மத்தியானம்னு ஒண்ணு இருந்துச்சா?”

தேதி சார் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார். “நீ என்ன நினைக்கிற?” என்று சொல்லிப் பார்த்தார். காரியம் கெட்டுவிட்டது. மூன்று வருஷமாகக் காலைப் பொழுதிலேயே வளர்ந்த பிள்ளைகள். ஒருத்தி தன் செயல்திட்டம் முழுவதும் அரசர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்ற அடிப்படையில் இருப்பதாகச் சொல்லி அழுதாள். ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான், ஆனால் விரல்களை நன்றாக அகட்டி வைத்திருந்தான். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் முதல் தடவையாக நோட்டைத் திறந்து, தலைப்பெழுதி, அடிக்கோடிட்டு, “அப்புறம் சார்?” என்றாள்.

பியூன் கதவைத் திறந்ததும் தேதி சார் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தார். மறுநாள் வகுப்பு முழுவதும் குடையோடு வந்தது.

விசாரணையில் முதலில் பேசியது தகப்பனார். அவர் குரல் உடைந்திருந்தது. “எங்க வீட்ல எவ்வளவு ஒழுங்கா வளர்த்தோம் தெரியுங்களா? எதுவுமே தெரியாம வச்சிருந்தோம். நேத்து சாப்பிட உக்காந்தவரு, ‘அப்பா, மத்தியானம் இருந்தா சாயங்காலமும் இருக்குமா’ன்னு கேக்கிறாரு. நான் என்னங்க பதில் சொல்றது? எனக்கே இப்ப சந்தேகம் வந்துருச்சு.”

புவியியல் துறைக்காரர் சட்டப்படி பேசினார். காலையும் மத்தியானமும் வரலாற்றுத் துறைக்குச் சொந்தமாக இருக்கலாம், அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மழை புவியியல் துறையின் சொத்து. “எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம இவரு பாட்டுக்குப் பெய்ய விட்டிருக்காரு. நாளைக்கு நாங்க எங்க வகுப்புல ஒரு அரசரப் பெய்ய விட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?” எல்லோருக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஆழ ஆலோசகர் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். “நாம ஒரு கிணறு தோண்டுறோம். மூணு வருஷமா தோண்டுறோம். பாறைய உடைச்சு உடைச்சுப் போறோம். இந்த மனுஷன் ஒரே வார்த்தையில அதுல தண்ணியக் கொண்டாந்துட்டாரு. இனிமே எங்க தோண்டுறது?”

“கிணத்துல தண்ணி வந்தா நல்லதுதானே சார்?” என்றார் தேதி சார். கேலி செய்யும் எண்ணம் அவருக்கில்லை. ஆலோசகர் கண்ணாடிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு குடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். எதற்கு விரித்தார்கள் என்பது விரித்தவர்களுக்கும் தெரியவில்லை. அறை சின்னது. நாலைந்து விரித்ததும் யாருக்கும் யாரும் தெரியவில்லை. குடைகளுக்குப் பின்னாலிருந்தே வாக்கெடுப்பு நடந்தது. ஆலோசகரும் தகப்பனாரும் வேலை நீக்கம் என்றார்கள். புவியியல் துறைக்காரர், மழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தனக்கு ஆட்சேபமில்லை என்றார். இயக்குநர் அம்மா கடைசியில், “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் தனியா பேசணும்” என்றார்.

எல்லோரும் குடைகளை மடக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பியூன் கதவைச் சாத்தினார்.

மேசைமேல் தேதி சாரின் நிரந்தர ஆணை இருந்தது. பேனா திறந்து பக்கத்திலேயே கிடந்தது. இயக்குநர் அம்மா அதைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“நான் இந்தப் பிரிவோட முதல் பேட்ச் சார். எங்க காலத்துல அரசர் எந்திரிக்கவே இல்ல. பள்ளிக்கூடம் முடியுற வரைக்கும் தூங்கிட்டே இருந்தாரு. அவரு குறட்டையப் பத்தி எழுதின கட்டுரைக்குத்தான் எனக்கு இந்த வேலை. கண்ண முழிச்சிட்டாருன்னு கேள்விப்பட்டதே வேலைக்கு வந்தப்புறம்தான்.”

தேதி சார் தலையை மட்டும் ஆட்டினார்.

“மழை பேஞ்சுதுன்னு சொன்னீங்களாமே.” இயக்குநர் அம்மா கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “அப்புறம் என்ன ஆச்சு?”

தேதி சார் ஏறிட்டுப் பார்த்தார். இது சோதனையா, உண்மையிலேயே கேட்கிறாரா? அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சொன்னால் விதியை மீறிய குற்றம், அதுவும் தலைமையின் முன்னாலேயே. சொல்லாவிட்டால் மேலதிகாரி கேட்டும் வாய் திறக்காத திமிர். கம்ப்ரஸர் சத்தம் காதில் கேட்டது. தம்ளர் நகர்வது கண்ணில் தெரிந்தது. ஸ்டெப்னி என்ற சொல் நினைவுக்கு வந்தது. நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம், யானைப் படத்துக்குக் கீழே இருந்ததே அவ்வளவுதான். வாயைத் திறந்தார். பழக்க தோஷம், வந்தது அந்த ஒரே வாக்கியம்தான்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?”

இயக்குநர் அம்மா அவரைப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அம்மாவே மற்றவர்களிடம் சொல்லிவந்த வாக்கியம். அவரிடம் யாரும் திருப்பிச் சொன்னதில்லை. கடைக்காரன் மிட்டாய்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து காட்டிவிட்டு மூடினால் பிள்ளைகள் முகம் போகுமே, அப்படிப் போனது அம்மாவின் முகம். ஆனாலும் இயக்குநர் இயக்குநர்தான். பேனாவை எடுத்தார்.

“சரியான பதில்” என்றார் வறண்ட குரலில். “இதுக்கு மேல ஒரு மீத்திறன் ஆசிரியர்கிட்ட எதிர்பார்க்க ஒண்ணுமில்ல.” கையெழுத்துப் போட்டார். காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

குழுவுக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. தேதி சார் தகவல் எதையும் தரவில்லை. மத்தியானம் என்பது ஒரு கருதுகோள். அது இருக்க முடியுமா என்று ஆராய மூன்றாண்டுப் பாடத்திட்டம் ஒன்று தொடங்கப்படும், தேதி சார் அதற்குப் பொறுப்பாளர். மழை இரு துறைகளுக்கும் பொது. ஆழ ஆலோசகர் இது இன்னும் ஆழம் என்று மகிழ்ந்து, பெரிய மண்வெட்டிப் படம் ஒன்று வரையச் சொல்லி ஆள் அனுப்பினார். தகப்பனார் சாயங்காலத்தைப் பற்றி எழுத்துபூர்வமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார்.

தேதி சார் ஆணையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் குடைகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காதைப் பொத்தியவன் இப்போது பொத்தவில்லை.

“சார்” என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். நோட்டு இன்னும் அதே பக்கத்தில் திறந்திருந்தது. “அப்புறம் என்ன ஆச்சு?”

தேதி சார் அனுமதிக்கப்பட்ட வாக்கியத்தைத் தேடினார். அன்று அது வாயில் வரவில்லை. ஏற்கெனவே செலவாகிவிட்டது போலும். அதற்குப் பதில் மச்சான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. கட்டடத்துக்கே தீ வைத்தாலும் மெமோதான். சட்டைப் பையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

வாசலில் பியூன் சாவியோடு நின்றார். “பூட்டட்டுமா சார்? நடைபாதையில பக்கத்து வகுப்பு சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ஏதாவது உள்ள வந்துரப் போவுது.”

“பூட்டுங்க. இன்னிக்கு நல்லாவே பூட்டுங்க” என்றார் தேதி சார்.

பியூன் கதவைப் பாதி சாத்தும்போது செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. இயக்குநர் அம்மா பியூனை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூச்சு வாங்கியது. கையில் மதிப்பீட்டுக் கோப்பு தலைகீழாக இருந்தது.

“வகுப்பக் கண்காணிக்க வந்தேன்” என்றார் யாரையும் பார்க்காமல். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அந்தப் பெண் குடையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இயக்குநர் அம்மா உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. கோப்பை மடியில் வைத்து, கைகளை அதன்மேல் கட்டிக்கொண்டார், எட்டாம் வகுப்பில் உட்கார்வதுபோல.

பியூன் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாக்கிறீங்க? பூட்டிட்டுப் போங்க” என்றார் இயக்குநர் அம்மா. “ஒரு சொல்லுகூட வெளிய போகக் கூடாது.”

பியூன் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.